மூச்சுவழி ஃபார்மால்டிஹைடு: பாதுகாப்பு வரம்பு வகுக்கப்படும் விதம்

ஃபார்மால்டிஹைடு என்பது நிறமற்ற, மூக்கைத் துளைக்கும் நெடியுடைய ஒரு வாயு ஆகும். ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் அணுக்களால் ஆன இது ஆல்டிஹைடுகளில் மிக எளியது. இதன் நீர்க்கரைசலே ஃபார்மலின். காற்றில் இவ்வாயு எவ்வளவு வரை இருந்தால் மூச்சிழுப்பவருக்குத் தீங்கில்லை என்பதற்குப் பல நாடுகளும் அமைப்புகளும் வரம்பு வகுத்துள்ளன. அந்த எண்களில் பெரியதற்கும் சிறியதற்கும் இடையே நூறு மடங்குக்கும் மேல் வேறுபாடு உள்ளது. எல்லோரும் ஏறத்தாழ ஒரே ஆய்வுகளைத்தான் படித்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் அவற்றிடம் கேட்ட கேள்வி வேறு.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இக்கேள்விக்கு நேரடிப் பொருள் உண்டு. புதுக்கோட்டையை அடுத்த முள்ளூரில் 2017 இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 150 மாணவர்கள் சேர்கிறார்கள். 2023 இல் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும் வந்தது. எந்த மருத்துவக் கல்லூரியிலும் முதலாண்டு மாணவர் முதலில் பழகும் இடங்களில் ஒன்று, 'டிசெக்‌ஷன் ஹால்' என்று அவர்கள் சொல்லும் உடற்கூறியல் கூடம். பதப்படுத்திய உடலை முதன்முறை திறக்கும்போது கண்ணில் நீர் வருவது துக்கத்தால் மட்டுமன்று. உடலைக் கெடாமல் வைத்திருக்கும் ஃபார்மலினிலிருந்து எழும் வாயுவும் அதற்குக் காரணம்.

மாவட்டத்தின் கடற்கரைப் பகுதியான கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கத்தில் ஃபார்மலின் என்ற சொல் 2018 இல் மீன் தொடர்பாகப் பரவியது. கேரளத்திலும் சென்னையிலும் மீனில் ஃபார்மலின் இருப்பதாகச் செய்தி வந்த ஆண்டு அது. மீன் உணவுப் பாதுகாப்பு தொடர்பானது. அங்கே வயிற்றுக்குள் போவதே கேள்வி. இக்கட்டுரை மூக்கின் வழியே போவதைப் பற்றியது. இரண்டுக்கும் அளவும் வேறு, தீங்கும் வேறு.

தீங்கு எங்கே நிகழ்கிறது

வணிக ஃபார்மலினில் எடையளவில் சுமார் 37 விழுக்காடு ஃபார்மால்டிஹைடு இருக்கும். அது தன்னோடு தானே இணைந்து வெண்ணிறப் படிவாக மாறாதிருக்கச் சிறிது மெத்தனாலும் சேர்ப்பார்கள். இக்கரைசல் திசுக்களை இறுகவைத்துக் காக்கும் என்பதை 1893 இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபெர்டினாண்ட் புளூம் வெளியிட்டார். புரத மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவதே அதன் வேலை. இறந்த உடலில் அது பதப்படுத்தல். உயிருள்ள மூக்கின் சவ்விலும் அதே வேதிவினைதான்; அங்கே அதன் பெயர் எரிச்சல்.

ஃபார்மால்டிஹைடு நீரில் மிக நன்றாகக் கரையும். அதனால் உள்ளிழுத்த வாயுவில் பெரும்பகுதி மூக்கின் ஈரச் சவ்விலேயே பிடிபட்டுவிடுகிறது. நுரையீரலின் ஆழத்துக்குப் போவது குறைவு. நம் உடலும் இதை இடைவிடாது உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. மனித இரத்தத்தில் இயல்பாகவே லிட்டருக்கு 2 முதல் 3 மில்லிகிராம் வரை ஃபார்மால்டிஹைடு உள்ளது. தன்னார்வலர்கள் 1.9 பிபிஎம் அளவுள்ள காற்றை 40 நிமிடம் சுவாசித்த பின்னும் இரத்தத்தில் அந்த அளவு உயரவில்லை. ஆகவே தீங்கின் முதன்மையான களம் கண்ணும் மூக்கும் தொண்டையும்தான். வீட்டு வாசலில் நிற்கும் ஆள் உள்ளே வராமலே வாசலைச் சேதப்படுத்துவது போன்ற நிலை இது.

கூடத்துக்கு வெளியேயும் இவ்வாயு உண்டு. விறகுப் புகை, சிகரெட், ஒட்டுப்பலகைகளின் பசை ஆகியவற்றிலிருந்து வெளிப்படுகிறது. சீன, மலேசியக் கொசுவத்திச் சுருள்களை வைத்துச் செய்து 2003 இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரியும்போது வெளியாகும் ஃபார்மால்டிஹைடு 51 சிகரெட்டுகளுக்கு ஈடாக இருக்கலாம் என்று கண்டது. கதவைச் சாத்திக்கொண்டு சுருள் கொளுத்தும் வீடுகள் நம்மிடம் ஏராளம்.

ஒரு பிபிஎம் என்றால் எவ்வளவு

பிபிஎம் என்பது பத்து இலட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு வாயு. ஃபார்மால்டிஹைடைப் பொறுத்தவரை 25 டிகிரி வெப்பநிலையில் 1 பிபிஎம் என்பது ஒரு கன மீட்டர் காற்றில் 1.23 மில்லிகிராம்.

இதைக் கண்முன் கொண்டுவர ஒரு கணக்குப் போடலாம். 15 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் உள்ள கூடம் ஒன்றின் கொள்ளளவு 600 கன மீட்டர். அதன் காற்று முழுவதும் 1 பிபிஎம் ஆவதற்கு 738 மில்லிகிராம் ஃபார்மால்டிஹைடு போதும். ஒரு மில்லிலிட்டர் ஃபார்மலினில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் இருப்பதால், இரண்டு மில்லிலிட்டருக்கும் குறைவான ஃபார்மலின், அதாவது அரைத் தேக்கரண்டிகூட இல்லாத அளவு, முழுதும் ஆவியானால் அந்தக் கூடம் 1 பிபிஎம்மை எட்டிவிடும். 0.1 பிபிஎம்முக்கு மூன்று நான்கு சொட்டு. காற்றோட்டமே இல்லை என்று வைத்துப் போட்ட கணக்கு இது. ஆனால் ஒரு முழு உடலைப் பதப்படுத்த லிட்டர் கணக்கில் கரைசல் செலுத்தப்படுகிறது என்பதையும், கூடத்தில் ஒரே ஒரு மேசை மட்டும் இருப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எலிகள் சொன்னது

வரம்புகளின் கதை பெரும்பாலும் ஓர் எலி ஆய்விலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில், வேதித்தொழில் நிறுவனங்களின் நிதியில் நடந்த ஓர் ஆய்வுக்கூடம், பெரிய எலிகளை 2, 5.6, 14.3 பிபிஎம் ஃபார்மால்டிஹைடுள்ள காற்றில் நாளுக்கு 6 மணிநேரம், வாரத்துக்கு 5 நாள், இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தது. முதல் முடிவு 1980 இல் வெளியாயிற்று. 2 பிபிஎம்மில் மூக்குப் புற்று ஒன்றுகூட இல்லை. 5.6 இல் இரண்டே எலிகளுக்கு. சுமார் ஒரு விழுக்காடு. 14.3 இல் ஏறத்தாழப் பாதிக்கு. அளவு இரண்டரை மடங்கு கூடியபோது புற்று நாற்பது மடங்குக்கும் மேல் கூடியது.

இந்த வளைவை இரண்டு விதமாகப் படிக்கலாம். முதல் விதம்: குறைந்த அளவில் சளிப்படலமும் உடலின் நொதிகளும் வாயுவைச் சமாளித்துவிடுகின்றன, அவை திணறும் அளவுக்கு மேல்தான் செல்கள் சாகின்றன, அவற்றை ஈடுசெய்யப் புதிய செல்கள் விரைந்து பெருகுகின்றன, அந்தப் பெருக்கத்தில் மரபணுப் பிழைகள் நிலைக்கின்றன. அப்படியானால் எரிச்சல் வராத அளவில் புற்றும் வராது. வரம்பைக் கண் எரிச்சலை வைத்தே வகுக்கலாம். இரண்டாவது விதம்: ஃபார்மால்டிஹைடு மரபணுவையே தாக்கக்கூடியது, ஆகவே எவ்வளவு குறைந்தாலும் சிறு வாய்ப்பாவது மிஞ்சும், சில நூறு எலிகளில் அது தென்படாமல் போகலாம், கோடிக்கணக்கான மனிதரில் தென்படும். அப்படியானால் தீங்கற்ற அளவு என ஒன்று கிடையாது. எவ்வளவு வாய்ப்பைச் சமூகம் பொறுத்துக்கொள்ளும் என்ற கேள்வி மட்டுமே உண்டு.

அதே ஆய்வில் சுண்டெலிகளும் இருந்தன. 14.3 பிபிஎம்மிலும் இரண்டு சுண்டெலிகளுக்கு மட்டுமே புற்று வந்தது. அவை எரிச்சல் உணர்ந்ததும் மூச்சைக் குறைத்துக்கொள்ளும். அதனால் மூக்கில் படிந்த அளவே பாதியாகிவிட்டது. காற்றில் உள்ள அளவும் உடல் பெறும் அளவும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. மாணவருக்கோ மூச்சைக் குறைத்துக்கொள்ள வழியில்லை. குனிந்து நரம்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

மனிதர்கள் சொன்னது

ஜெர்மனியில் 21 தன்னார்வலர்களை வைத்து நடந்து 2008 இல் வெளியான ஆய்வு வரம்பு வகுப்போரிடம் பெரும் செல்வாக்குப் பெற்றது. அவர்கள் பத்து நாட்கள், நாளுக்கு 4 மணிநேரம் அறையில் அமர்ந்தார்கள். நெடியை வைத்து 'இன்று அதிகம்' என்று அவர்கள் ஊகித்துவிடக் கூடாது என்பதற்காகச் சில நாட்களில் எத்தில் அசிட்டேட் மணத்தையும் கலந்தார்கள். கண் சிமிட்டும் எண்ணிக்கையும் கண் சிவப்பும் அளக்கப்பட்டன. சீராக 0.5 பிபிஎம் இருந்தபோது மாற்றமில்லை. அதே 0.5 இல் இடையிடையே 1 பிபிஎம் வரை ஏறி இறங்கியபோது கண் சிவந்தது, சிமிட்டல் கூடியது. சராசரியைவிட திடீர் ஏற்றமே கண்ணைத் தாக்குகிறது என்பது இதிலிருந்து பெற்ற பாடம்.

உலக சுகாதார நிறுவனம் 2010 இல் வீட்டுக்காற்றுக்கு வகுத்த அளவு இத்தகைய ஆய்வுகளிலிருந்தே வந்தது. கண் எரிச்சல் தோன்றாத அளவாக ஒரு கன மீட்டருக்கு 0.6 மில்லிகிராமை எடுத்துக்கொண்டு, மனிதருக்கு மனிதர் கூச்ச உணர்வு மாறுபடுவதால் 5 ஆல் வகுத்தார்கள். வந்தது 0.12, அதை 0.1 ஆக்கினார்கள். எந்த அரைமணி நேரச் சராசரியும் இதைத் தாண்டக்கூடாது. பிபிஎம்மில் சொன்னால் 0.08. இந்த அளவு புற்றிலிருந்தும் காக்கும் என்று அந்நிறுவனம் கருதியது. அதாவது மேலே சொன்ன முதல் விதப் படிப்பு.

புற்றுநோய்ச் சான்று தொழிலாளர்களிடமிருந்து வந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 10 ஆலைகளில் 25,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. மூக்குத்தொண்டைப் புற்று எதிர்பார்த்ததைவிட மிகுதியாகத் தெரிந்தது. ஆனால் அந்த மரணங்களில் பெரும்பாலானவை ஒரே ஆலையைச் சேர்ந்தவை என்பதால் விவாதம் மூண்டது. 2009 இல் வெளியான மற்றோர் ஆய்வு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது: இறந்தவர் உடலைப் பதப்படுத்தும் தொழிலில் ஆண்டுகள் கூடக்கூட ஒருவகை இரத்தப் புற்றால் இறக்கும் வாய்ப்பும் கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004 இல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. 2009 இல் இரத்தப் புற்றையும் அத்துடன் இணைத்தது.

மூக்கிலேயே தங்கிவிடும் வாயு எலும்பு மஜ்ஜையில் எப்படிப் புற்றை உண்டாக்கும் என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. அணு அடையாளமிட்ட ஃபார்மால்டிஹைடை எலிகளையும் குரங்குகளையும் சுவாசிக்கவைத்துப் பார்த்தபோது, வெளியிலிருந்து வந்த மூலக்கூறு மூக்கின் மரபணுவில் ஒட்டியிருந்தது. எலும்பு மஜ்ஜையில் காணப்படவில்லை. மனிதர் தொடர்பான ஆய்வு ஒன்றைச் சொல்ல, விலங்கு ஆய்வு வேறொன்றைச் சொல்கிறது. வரம்பு வகுப்பவர் இதற்கு முடிவு தெரியும்வரை காத்திருக்க முடியாது.

எண்கள் எப்படிப் பிரிந்தன

அமெரிக்காவில் தொழிலிட வரம்பு முதலில் 3 பிபிஎம்மாக இருந்தது. 1987 இல் 1 பிபிஎம் ஆக்கினார்கள். தொழிற்சங்கங்கள் வழக்குத் தொடர்ந்தன; எஞ்சியிருக்கும் ஆபத்து புறக்கணிக்கத்தக்கது என்ற முடிவுக்குப் போதிய விளக்கமில்லை என்று 1989 இல் நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. 1992 இல் எட்டு மணிநேரச் சராசரி 0.75 ஆனது, 15 நிமிடச் சராசரிக்கு 2 பிபிஎம். அந்த முக்கால் எண்ணில் அறிவியலோடு பேரமும் கலந்திருக்கிறது.

அதே நாட்டின் தொழில்நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைப்பது 0.016 பிபிஎம். புற்று உண்டாக்கும் பொருளுக்குப் பாதுகாப்பான அளவு கிடையாது என்று எடுத்துக்கொண்டு, கருவியால் நம்பகமாக அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவையே வரம்பாக வைத்தார்கள். அது உடலின் எல்லையைக் காட்டவில்லை, கருவியின் எல்லையைக் காட்டுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 இல் வெளியிட்ட மேற்கோள் அளவு கன மீட்டருக்கு 0.007 மில்லிகிராம். குழந்தை, ஆஸ்துமாக்காரர் உட்பட எவரும் வாழ்நாள் முழுதும் இரவுபகலாகச் சுவாசித்தாலும் தீங்கு வராத அளவு என்பது அதன் பொருள். சாதாரண வீடுகளின் காற்றே இதைத் தாண்டும் என்று எதிர்ப்பாளர்கள் சுட்டினார்கள். அது உண்மைதான், ஆனால் வீட்டுக்காற்று வழக்கமானது என்பதாலேயே தீங்கற்றதாகிவிடாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2019 இல் 0.3 பிபிஎம், குறுகிய நேரத்துக்கு 0.6 என்று வகுத்தது. மருத்துவம், சவ அடக்கம், உடல் பதப்படுத்தல் ஆகிய துறைகளுக்கு மட்டும் 2024 ஜூலை வரை 0.5 என்று சலுகை தந்தது. அத்துறையினரின் மூக்கு வலிமையானது என்பதால் அல்ல. மாற்று ஏற்பாடு செய்ய அவர்களுக்குக் காலம் வேண்டியிருந்தது.

இந்திய எண், யாருக்கு?

போபால் விபத்துக்குப் பின், 1987 இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. புதிதாகச் சேர்ந்த 41-எஃப் பிரிவும் இரண்டாம் அட்டவணையும் வேலையிடக் காற்றில் வேதிப்பொருள்களின் உச்ச அளவுகளைத் தந்தன. ஃபார்மால்டிஹைடுக்கு எட்டு மணிநேரச் சராசரி 1 பிபிஎம். 15 நிமிடத்துக்கு 2 பிபிஎம். அக்காலத்தில் அமெரிக்கத் தொழில்நலவியலாளர் அமைப்பு ஒன்று வைத்திருந்த எண்களோடு இவை ஒத்தவை. அந்த அமைப்பு 1992 இலேயே உச்சத்தை 0.3க்கு இறக்கிவிட்டது, 2017 இல் சராசரியை 0.1 ஆக்கியது. நம் அட்டவணை நின்ற இடத்திலேயே நின்றது.

அதைவிடப் பெரிய இடைவெளி, எண் யாரைக் காக்க எழுதப்பட்டது என்பதில் உள்ளது. உடற்கூறியல் கூடம் தொழிற்சாலை அன்று. மாணவர் தொழிலாளரும் அல்லர். வெளிக்காற்றுக்காக 2009 இல் அறிவிக்கப்பட்ட தேசியத் தரநிலைகளில் 12 மாசுகள் உள்ளன. பென்சீன் இருக்கிறது, ஃபார்மால்டிஹைடு இல்லை.

எண்ணைக் கடன் வாங்கிக் கூடத்துக்குப் பொருத்தினாலும் ஒரு சிக்கல் வரும். ஒரு மாணவர் 1 பிபிஎம் காற்றில் 2 மணிநேரம் நிற்கிறார், மீதி ஆறு மணிநேரம் தூய காற்றில் இருக்கிறார் என்று கொள்வோம். எட்டு மணிநேரச் சராசரி 0.25 தான். இந்திய எண்ணில் அது கால் பங்கு, ஐரோப்பிய 0.3க்குக்கூட உட்பட்டது. ஆனால் அந்த இரண்டு மணிநேரமும் அவர் கண் எரிந்துகொண்டிருக்கும். கண் சராசரி பார்ப்பதில்லை. குறுகிய நேர வரம்பை வைத்துப் பார்த்தால் ஐரோப்பிய 0.6ஐ அவர் தாண்டிவிட்டார். இந்திய 2ஐத் தாண்டவில்லை. ஆகவே கூடத்துக்கு எது பொருந்தும் என்று கேட்டால், எட்டு மணிநேர எண்ணை ஒதுக்கிவிட்டு 15 நிமிட எண்ணையோ உலக சுகாதார நிறுவனத்தின் அரைமணி நேர எண்ணையோதான் பார்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

அளப்பதும் குறைப்பதும்

நெடியை வைத்து அளவை மதிப்பிட முடியாது. சில நிமிடங்களில் மூக்கு பழகிவிடும். நெடி குறைந்ததாகத் தோன்றும், வாயு குறைந்திருக்காது. ஃபார்மால்டிஹைடோடு வினைபுரியும் பொருள் பூசிய சிறு குழாய் வழியே காற்றைப் பம்பால் இழுத்து, பின்னர் ஆய்வகத்தில் பகுத்து அளப்பது நம்பகமான முறை. குழாயைச் சுவரில் மாட்டினால் கூடத்தின் சராசரிதான் கிடைக்கும். மாணவரின் சட்டைக் கழுத்துப்பட்டியில் மாட்டினால், திறந்த உடலுக்கு மேல் குனிந்திருக்கும் முகத்தின் அளவு கிடைக்கும். அது பெரும்பாலும் கூடுதலாக இருக்கும்.

வெப்பம் கூடினால் ஆவியாதலும் கூடும். கோடையில் 40 டிகிரியை நெருங்கும் புதுக்கோட்டைக்கு, குளிர்நாட்டுக் கூடத்தின் அனுபவத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கூரை மின்விசிறி காற்றைக் கலக்குமே தவிர வெளியேற்றாது. மேசையிலிருந்து எழும் வாயுவை முகத்துக்கே திருப்பிவிடவும் கூடும். வெளியேற்று விசிறியும் எதிர்ப்பக்கத்தில் புதுக்காற்று நுழைய வழியும் சேர்ந்தால்தான் பயன். துணி முகக்கவசமும் என்-95 வகையும் துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. ஃபார்மால்டிஹைடுக்கென்றே செய்த வடிகட்டிக் குப்பியுள்ள கவசம் வேண்டும்.

மூலத்திலேயே குறைக்கவும் வழியுண்டு. வேலை நடக்கும் பகுதியை மட்டும் திறந்து மற்றதை மூடிவைப்பது, மேசையடியில் தேங்கும் கரைசலை உடனே அகற்றுவது ஆகியவற்றுக்குச் செலவே இல்லை. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் வால்டர் தீல் 1992 இல் வெளியிட்ட பதப்படுத்தும் முறைக்கு மிகக் குறைந்த ஃபார்மால்டிஹைடே போதும், செலவு கூடுதல்.

ஜப்பான் 2008 இல் பணியிடக் காற்றுக்கான நிர்வாக வரம்பை 0.1 பிபிஎம் என்று வைத்தபோது, பல்கலைக்கழகங்களின் உடற்கூறியல் கூடங்களும் அதற்குள் வந்தன. பல கூடங்களால் அந்த எண்ணை எட்ட முடியவில்லை. அதன்பின் அங்கே வாயுவை மேசை விளிம்பிலேயே கீழ்நோக்கி உறிஞ்சிக் குழாய்வழி வெளியேற்றும் அறுவை மேசைகள் பரவலாகப் பொருத்தப்பட்டன.